தப்பாக வாசிக்க ஓர் ஆள்

அவர் ஒரு பாட்டை முழுதாக வாசித்து நான் கேட்டதில்லை. பாதி வரை வரும். கேட்கிறவர் மனம் அதோடு ஒட்டத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஓசையை அமர்த்திவிட்டு, "இது வந்துட்டுல்லா? அப்பம் இத விடுவோம்" என்பார்.

ஊரில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். குவைத்தில் நர்ஸாக இருந்தவர். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். திற்பரப்பு அருவிக்குப் போகிற சாலையிலிருந்து இடதுபக்கம் ஏறினால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. மழைக்காலத்தில் முன்னறையில் உட்கார்ந்தால் அருவி இரைவது கேட்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அருவியைவிடச் சுற்றுலா வேன்களின் பாட்டுதான் அதிகம் கேட்கும்.

இப்போது அவர் அயர்லாந்தில் இருக்கிறார். அம்மா இறந்த மறு வருடம் போனார். போகும்போது யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "குளிரு நாட்டுல வேல பாத்ததில்ல, அதான் போறேன்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது போதுமான காரணம்.

தெரிந்த காரியத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தெரியாததில்தான் உட்காருவார். நமக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் அப்படித்தான். பக்கத்து வீட்டு மருமகளுக்கு, மாமியாரின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கப் படித்துக் கொடுத்தார். அவள் தப்பும் தவறுமாகச் சுற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் பொறுமையாகக் கூட இருந்தார். அவள் தானாகவே சரியாகப் பார்த்துச் சொன்ன அன்றைக்கு, "இனி இதுக்கு எங்கிட்ட வரண்டாம்" என்றுவிட்டார். அவள் கோபித்துக்கொண்டு சில நாள் பேசவில்லை. பிறகு இன்சுலின் ஊசி போடப் படிக்க வேண்டிவந்து, மறுபடியும் வந்தாள்.

என் மனைவிக்கு ஒரு நூடுல்ஸ் செய்யச் சொல்லிக் கொடுத்தார். குவைத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி செய்கிற வகை. முதல் தடவை என் மனைவி செய்தது பசையாகக் குழைந்து கிடந்தது. சிஸ்டர் அதைத் தட்டில் போட்டு உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் உதிரி உதிரியாக, மணமாக வந்தது. ஒரு வாய் எடுத்தார். "வந்துட்டுல்லா. அடுத்தது என்ன செய்வோம்?" என்று தட்டை நகர்த்திவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனைவி முணுமுணுத்தாள். "கொழஞ்சா திங்குதாவ, நல்லா வந்தா திங்கமாட்டாவளாம். என்ன சென்மமோ."

கிதாரையும் அந்தப் பிலிப்பைன்ஸ்காரியிடம்தான் அவர் படித்தார். அவளுடைய அப்பா ஹோட்டல்களில் ஜாஸ் வாசிக்கிறவராம். அறைக்குள் மற்ற நர்ஸ்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓசை வராமல் கம்பியைத் தடவித் தடவிப் பழகுவார்களாம்.

நான் ரப்பர் வெட்டுகிறவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதிகாலையில் மரம் வெட்டி, வெயில் ஏறும் முன் பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடித்தால் மத்தியானத்துக்குப் பிறகு சும்மாதான். மழை பெய்தால் நாள் முழுதும் சும்மா. நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீக்கடைக்குப் போனாலும் விரலைக் காட்டித்தான் சாயா கேட்பேன். என் மகன் கத்தாருக்குப் போகும்போது கிதாரை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதாவது ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, அந்த ஓசை தீரும்வரை நின்று கேட்பேன்.

நான் வாயைத் திறக்கிற ஒரே இடம் கோயில். பாடகர் குழுவில் பாஸ் என்கிற அடிக்குரல். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்பேன். எங்கள் சபையில் எந்தப் பாட்டையும் சுரமாகத்தான் முதலில் படிப்போம். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி. வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்திலிருந்து வருகிற பழக்கம். வார்த்தைகள் பிறகுதான். புத்தகத்தில் ஒரு சுரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்ததே அந்த ஏழு எழுத்துதான்.

சிஸ்டரின் அம்மாதான் அந்தக் குழுவை நடத்தியவர். நான் மீசை முளைக்காத வயதிலிருந்து அவருக்குப் பின்னால் நின்று பாடியவன். யார் தப்பினாலும் அவர் பாட்டை நிறுத்தமாட்டார். திரும்புவார். தப்பினவன் முகத்துக்கு நேராக அந்தச் சுரத்தைச் சரியாகப் பாடுவார். பிறகு முன்னால் திரும்பிக்கொள்வார். நான் தூணுக்குப் பின்னால் நின்றதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

குவைத்திலிருந்து வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டுக்கு சிஸ்டர் கிதார் வாசித்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. ஆனால் அடியில் கேட்ட கார்டுகள், அதாவது சுரக் கூட்டுகள், வேறாக இருந்தன. டோ, மி, சோ என்று மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் டியையும் கூடச் சேர்த்து வைத்திருந்தார். மழை விட்ட பிறகும் ரப்பர் இலைகளிலிருந்து கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருக்குமே, எனக்கு அந்த ஓசை அப்படி இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் ஒருவர் வாசலில் அவரை நிறுத்தினார்.

"சிஸ்டரே, கம்பி ஒண்ணு எறங்கிக் கிடந்ததோ?"

"இல்லையே. எல்லாம் சரியாத்தான் கிடந்தது."

"அடுத்த வாரம் பழையபடி வாசிச்சா போரும்."

"பழையபடி எனக்கு வந்துட்டுல்லா. அதுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குக் கிதாரைக் கொண்டுவரவில்லை.

அந்த ஓசையை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் மகனின் கிதாரை எடுத்து அதைத் தேடித் தேடித் தட்டினேன். கடைசியில் என் மனைவி தாங்கமாட்டாமல் கோயில் முற்றத்தில் அவரிடம் கேட்டுவிட்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சிஸ்டர், இந்த மனுசனுக்கு அந்தக் கிதாரக் கொஞ்சம் படிச்சுக் குடுங்க. பகல் முழுக்க ஒரே கம்பியப் போட்டுத் தட்டுதாரு. எனக்குப் பல்லு கூசுது."

"அண்ணனுக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்படீன்னா நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

மத்தியானங்களில் போவேன். பெரும்பாலும் என் மனைவியும் கூட வருவாள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க, முதுகு துடைக்க இரண்டு பேர் வேண்டும். அந்த வேலை முடிந்ததும் பெண்கள் இருவரும் கொஞ்சம் ஊர் வம்பு பேசுவார்கள். பிறகு எனக்குப் பாடம்.

அம்மாவின் கட்டில் முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அவருக்கு வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. நாம் பேசுவதெல்லாம் புரியும். கண்ணால் பதில் சொல்லுவார். ஆனால் ஒரு சொல்லும் வராது. விழுந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து எந்தச் சத்தமும் வந்ததில்லை. "பேச்சு வராமலே போகலாம். சில பேருக்குப் பேச்சு வராது, பாட்டு வரும். முயற்சி பண்ணிப் பாருங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்களாம். அதற்காக சிஸ்டர் தினமும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். அம்மாவுக்குப் பிடித்த பாட்டையெல்லாம் தொடங்கிக் கொடுத்துப் பார்த்தார். எத்தனையோ மாதங்கள். அம்மா கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

என் கை இதற்கு ஏற்ற கை அல்ல. பழகுகிறவர்களுக்கெல்லாம் கம்பி விரலை அறுக்குமாம். எனக்கு அந்த வேதனை இல்லை. கம்பி எங்கே இருக்கிறது என்பதே என் விரல் நுனிக்குத் தெரியாது. ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கி, டப் என்று மரக்கட்டைச் சத்தம் வரும். சிஸ்டருக்கு அதில் சலிப்பே இல்லை. "பரவால்ல. இன்னொருக்கா" என்பார். நான் கோயிலில் கேட்ட அந்த ஓசைக்குப் பெயர் மேஜர் செவன் என்றார். அது என் கையில் முதல்முதலாகத் தெளிந்து ஒலித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் நாலு தடவை வாசித்துக் கேட்க ஆசை. அவர் உள்ளங்கையை என் கம்பிகளின் மேல் வைத்தார்.

"வந்துட்டுல்லா? இத விடுங்க. மைனர் செவன் பாப்போம்."

அதற்குப் பிறகு ஆர்பெஜியோ வந்தது. கார்டில் சேர்ந்து ஒலிக்கிற சுரங்களைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவது. டோ, மி, சோ, டி. அவர் வாசித்துக் காட்டினார். கேட்கச் சுலபமாக இருந்தது. அன்று என் மனைவி வரவில்லை. சிஸ்டர் எனக்கு அதைக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குக் கஞ்சி வைக்க அடுக்களைக்குள் போனார். நான் டோ, மி, சோ வாசித்தேன். நாலாவது விரல் தவறான இடத்தில் விழுந்தது. டிக்குப் பதிலாக லா.

"டி."

பெண் குரல். உடைந்த குரல். ஆனால் சுரம் கத்தியால் கீறியதுபோல் துல்லியமாக இருந்தது. நான் கட்டிலைப் பார்த்தேன். அம்மா மோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. சிஸ்டர் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார்.

"யாரு பாடுனது?"

கட்டிலைக் கைகாட்டினேன்.

"வெளையாடாதிய அண்ணே."

"இல்ல சிஸ்டர். நான் லா வாசிச்சேன். அம்மை டின்னு..."

"மறுபடியும் வாசிங்க."

இந்தத் தடவை மி போய் ஃபா விழுந்தது. அம்மாவின் இடது பக்க உதடு மட்டும் அசைந்தது. "மி."

சிஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவாடையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். மிக மெதுவாக, "அண்ணே, இன்னொரு தப்பு விடுங்க" என்றார்.

எனக்குத் தப்பு விடுவது கஷ்டமான காரியமில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் சிஸ்டர் சொல்லியபடி, வேண்டுமென்றே டிக்குப் பதிலாக லாவை வாசித்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் கடைசி வரிசையில் நின்றவனுக்கு அந்தப் பார்வை தெரியும். பாடாமல் சும்மா வாயசைக்கிறவனைப் பார்க்கிற பார்வை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுதும் திரும்பவில்லை. வேண்டுமென்று விடுகிற தப்பை அவர் தொடவேமாட்டார். தானாக விழுந்தால்தான் திருத்துவார்.

ஆகவே நான் எப்போதும் உண்மையாகவே தப்பவேண்டியிருந்தது. அதற்கு ஒரே வழி, எனக்கு எதுவும் வந்துவிடாமல் இருப்பது. சிஸ்டர் அதற்கு வழி செய்தார். ஆர்பெஜியோ கொஞ்சம் கை வந்ததும் மோடுகள் என்கிற சுர வரிசைகளுக்குத் தாவினார்.

"உங்களுக்கு டோ ரே மி தெரியும்லா? அப்பம் முக்காவாசி தெரியும். இனி டோவுல தொடங்கண்டாம். ரேயில தொடங்கி ரேயில முடிங்க. இதுக்குப் பேரு டோரியன்."

ரேயில் தொடங்கினேன். மேலே போய்த் திரும்பி இறங்கி, ரேயைத் தாண்டி டோவில் போய் நின்றேன்.

"அங்க ஏன் போனிய?"

"வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும், சிஸ்டர்."

"வீட்டுக்குப் பொறவு போலாம். இப்பம் ரே வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிய. இங்கயே சாப்புட்டு, இங்கயே கை கழுவுங்க."

என்னால் முடியவில்லை. எங்கள் சபையில் எல்லாப் பாட்டும் கடைசியில் டோவுக்கு வந்துதான் அடங்கும். நாற்பது வயதுக்கு மேல் அந்தக் காதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? கை தானாக டோவுக்கு ஓடிவிடும். ஒவ்வொரு தடவையும் கட்டிலிலிருந்து, "ரே." சிஸ்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டுக் கச்சேரி கேட்கிற மாதிரி முகம்.

டோரியன் பிடிபட்டதும், மியில் தொடங்கி மியில் முடிகிற ஃப்ரிஜியன். பிறகு லிடியன், மிக்ஸோலிடியன். எல்லாம் மருந்துக் கடையில் கேட்கிற பெயர்கள்போல் இருந்தன. ஒவ்வொன்றும் எனக்குச் சற்றே விளங்கி, இனிமேல் ருசிக்கலாம் என்கிற இடத்துக்கு வரும்போது, "வந்துட்டுல்லா?" என்று உள்ளங்கை வந்து அமர்த்திவிடும். இன்றைக்கும் எனக்கு எல்லாவற்றிலும் தொடக்கம் தெரியும். எதிலும் முடிவு தெரியாது.

அதோடு இன்னொரு கட்டளையும் போட்டார். "வீட்டுல எடுத்துப் பழகாதிய."

என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "பழகாதேன்னு சொல்லுத வாத்தியார இப்பந்தான் பாக்கேன். அப்பம் நீங்க அங்க போயி என்னதான் படிக்கிய?"

"தப்பு விடப் படிக்கேன்" என்றேன்.

"அது உங்களுக்குப் பொறவியிலேயே வருமே."

நான் சிரித்துவிட்டாலும் உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்தது. எனக்கு ஒரு பாட்டாவது முழுதாக வாசிக்க வேண்டும். அந்த மேஜர் செவனை வைத்து, கோயிலில் அன்று கேட்ட பாட்டை, ஒருநாளாவது. ஷீட் உலர்த்துகிற புகைக்கூடத்துக்குப் பின்னால் கிதாரைக் கொண்டுபோய் மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். மழை நாட்களில் நல்ல நேரம் கிடைத்தது. என் விரல் நுனிக்குக் கம்பி தெரிய ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டும் இடம் பிடிக்க முடிந்தது.

சிஸ்டர் வீட்டு முன்னறையில் அம்மாவின் சத்தம் குறைந்தது. முதலில் ஒரு மத்தியானத்தில் இரண்டே சுரம். பிறகு ஒன்று. பிறகு அம்மா வெறுமனே கேட்டுக்கொண்டு கிடந்தார். சிஸ்டர் எனக்கு மேலும் மேலும் கடினமானதைக் கொடுத்தார். ஆனால் விரலுக்கு வழி தெரிந்துவிட்டால் புதிய இடத்திலும் அது தட்டுத்தடுமாறி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒருநாள் பாடம் முழுதும் ஒரு தப்பும் இல்லை. வேறெந்த வீட்டிலும் ஒருவன் அதற்குச் சந்தோஷப்பட்டிருப்பான்.

சிஸ்டர் என் இடது கையைப் பார்த்தார்.

"பழகுனியளா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் திட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார். கட்டிலருகே நின்ற என் மனைவிதான், "நல்லா வாசிச்சா அம்மை சந்தோசமாக் கேக்கத்தான செய்யுதாவ. அது போராதா?" என்று கேட்டாள்.

"போராது மைனி" என்றார். "எனக்குச் சத்தம் வேணும்."

பிறகு அவராகவே பேசினார். அத்தனை நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"நான் வாசிச்சா அம்மை ஒண்ணும் பாடாது. அண்ணன் வாசிச்சாப் பாடும். ஏன் தெரியுமா? நான் தப்பு விடமாட்டேன். சின்னதுல குழுவுல முன்வரிசையில நிப்பேன். எல்லாரு பக்கமும் அம்மை திரும்பும். எனக்க பக்கம் திரும்புனதே இல்ல. நான் சரியாத்தான பாடுவேன்? பிள்ளைகளெல்லாம் பேடிச்சுப் பயந்து நிக்கும். எனக்கு மட்டும், ஒரு தடவையாவது திரும்பிப் பாக்காதான்னு இருக்கும். ஒருநாள் வேணும்னே தப்பாப் பாடிப் பாத்தேன். கண்டுபிடிச்சிட்டு. திரும்பவே இல்ல."

அம்மா கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். கண் ஜன்னலில் இருந்தது.

என் மனைவி அவர் தோளில் கைவைத்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கிதாரைத் துடைத்தேன். எனக்கு ஒன்று தோன்றியது. சொல்லவா வேண்டாமா என்று வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தேன். முந்தைய வருடம் சைக்கிளிலிருந்து விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. இருபத்தைந்து வருடம் மரம் வெட்டிய நான், ஒரு மாதம் இடது கையால் கத்தியைப் பிடித்து வெட்டினேன். பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி உள்ளே மரம்வரை போய்க் காயம் போட்டது. பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்து தரையில் போயிற்று. நேற்று வேலைக்கு வந்தவனைவிட மோசம். தோட்டத்து முதலாளி வந்து திட்டினார். மரம் தெரியும், கத்தி தெரியும், எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும். கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

"சிஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும், "சிஸ்டர், கிதார மாத்திப் பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

"மாத்தின்னா?"

"வலத்தக் கையால அமுக்கி, இடத்தக் கையால தட்டுங்க. கம்பியும் தலகீழாத்தான் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கிதாரை வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிதாரைத் திருப்பி மடியில் வைத்தார். அது எங்கேயும் பொருந்தவில்லை. முழங்கை இடித்தது. தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி இருந்தது. எல்லாம் தெரிந்த அந்த ஆள், மாட்டை முதல்முதலாகக் கறக்க உட்கார்ந்தவர்போல் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் இருந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் படித்துக் கொடுக்கிற பாட்டு ஒன்று உண்டு. நாலே வரி. அவர் அதை எடுத்தார். முதல் சுரம் டப் என்றது. இரண்டாவது இழுத்து முனகியது. மென்மையான வலது கை விரல்கள் கம்பியில் வழுக்கின. அவர் வாய் சற்றுத் திறந்து நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் வரி முடிகிற இடத்தில் சோ வரவேண்டும். அவர் விரல் எங்கேயோ விழுந்து ஃபா வந்தது.

கட்டிலில் அம்மாவின் பார்வை மோட்டிலிருந்து இறங்கியது.

சிஸ்டர் பார்க்கவில்லை. அவருக்குக் கம்பியைப் பார்க்கவே நேரம் போதவில்லை. வரியை மறுபடியும் தொடக்கத்திலிருந்து எடுத்தார். அந்த இடத்துக்கு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். இந்தத் தடவை லா.

"சோ."

சிஸ்டரின் கை நின்றது. நிமிரவில்லை. கம்பியைப் பார்த்தபடியே மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அவர் சரியாக வாசிக்கத்தான் முயன்றார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிஷத்தில் அவருக்கு அதைத் தவிர வேறு எண்ணமே இருந்திருக்காது. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வரி முடிவுக்கு வந்தது. விரல் மறுபடியும் ஃபாவில் விழுந்தது.

அம்மாவின் இடது கை போர்வைக்கு உள்ளிருந்து வெளியே வந்தது. கட்டில் சட்டத்தில் பட்டென்று ஓர் அடி. முகம் முழுதாக மகள் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏட்டி. சோ."

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சு போன பிறகு, சுரம் அல்லாமல் அந்த வாயில் வந்த முதல் சொல் அந்த ஏட்டிதான். என் மனைவி அழத் தொடங்கிவிட்டாள்.

சிஸ்டர் கையை எடுக்கவில்லை. குனிந்து அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை முதல் சுரமே தப்பாகத்தான் விழுந்தது.